செவலையின் கன்றுக்குச் சீம்பால் பொடி

கொரோனாவால் நின்றுபோயிருந்த ஆண்டாள் தேர் மறுபடியும் ஓடிய வருஷம் அது. எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. வருஷத்தை எண்ணாகச் சொல்ல வராது. தேர் ஓடியது, கண்மாய் மறுகால் பாய்ந்தது, மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனது என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றது நினைவுக்கு வரும். நான் சொல்லச் சொல்ல இளைய மகள் எழுதுகிறாள். வருஷத்தை எண்ணில் போடட்டுமா என்று கேட்டாள். தேரே இருக்கட்டும் என்றேன்.

தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் வைக்க இடமில்லை. மொபெட்டை ஒரு பால்கோவாக் கடையின் பின்பக்கம் நிறுத்திவிட்டு அடுப்படிப் படியில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைக்கு வெகுகாலம் பால் ஊற்றியவன் நான். சுந்தரபாண்டியத்திலிருந்து விடியும் முன்னே கேன்களைக் கட்டிக்கொண்டு வருவேன். பால் ஊற்றுவதை விட்ட பிறகும் அந்தப் படியில் உட்கார்ந்தால் என்னை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அடுப்பில் பால் வற்றும்போது ஒரு வாசனை வரும். சீனி போடுவதற்கு முன்னால் ஒன்று, போட்ட பிறகு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டே எது என்று சொல்லிவிடலாம். அது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படியில் வைத்துத்தான் மகாராஜபுரத்து அம்மா என்னைக் கண்டுபிடித்தார்.

ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இல்லை. ஒரே மகன். கையில் தேங்காய்ப் பையோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, சீம்பாலப் பொடி பண்ணுற பிள்ளைக்கு அப்பா நீங்கதானா?"

"ஆமா, அவ பண்ணத்தான் பாக்குதா. இன்னும் சரியா அமையல."

"அமையலேன்னு சொல்லிறாதிய. எனக்கு அது வேணும்."

பிறகு படியின் மறுகோடியில் உட்கார்ந்து தன் மாட்டைப் பற்றிச் சொன்னார். செவலைப் பசு. மடிநோய் வந்து காம்பெல்லாம் அடைத்துப்போய்விட்டது. கன்று போடும், ஆனால் பால் இறங்காது. போன ஈத்துக் கன்று கழிச்சல் கண்டு ஒரு வாரத்தில் செத்தது. அதற்கு முந்தின கன்றும் அப்படியே. தெருவில் அந்த நேரத்தில் வேறு மாடு எதுவும் கன்று போடவில்லை, சீம்பால் கேட்டு வாங்கவும் வழியில்லை. இப்போது மறுபடி சினை. கார்த்திகையில் போடும்.

"இந்தக் கன்னும் தங்கலேன்னா தரகரு கையில குடுத்துருவேன்னு மகன் சொல்லிட்டான். தரகரு எங்க கொண்டு போவான்னு எனக்குத் தெரியாதா? அது எம் மாமியா கையால வளத்த மாட்டோட பேத்தி. கன்னு ஒண்ணு தங்கிட்டா அவன் வாயி அடைஞ்சிரும்."

மாட்டு டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கார்த்திகைக்குள் பொடி தருவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. மகளிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்தம்மா அதை வாக்கு என்றே எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

சீம்பாலைத் தெரியாதவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். மாடு கன்று போட்டதும் முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கிற மஞ்சள் பால் அது. கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தால் தானாகவே கட்டியாகிவிடும். கத்தியால் துண்டு போடலாம். அதைக் கட்டவைக்கிற பொருள்தான் கன்றை நோயிலிருந்து காக்கிற பொருளும் என்று மகள் சொல்வாள். புரதம் என்பாள். கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் உள்ளே இறங்கினால் அது இரத்தத்தில் சேரும். பிந்திவிட்டால் சேராது, பால் குடித்ததாக மட்டும்தான் ஆகும்.

இதை எழுதுகிற மகள்தான் அவள், பால் சம்பந்தமான படிப்புப் படித்து, வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்த ஒரு பழைய ஷெட்டைப் பிடித்து, எங்கேயோ மூடிப்போன மருந்துக் கம்பெனியிலிருந்து மெஷின் ஒன்றை இறக்கினாள். பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். அதற்குள் தட்டுத் தட்டாக அடுக்கு. பக்கத்தில் ஒரு பம்பு, ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும்.

"இதுக்கு இம்புட்டு மெஷின் வேணுமா? வெயில்ல காயவைக்கலாம், இல்ல கோவா கிண்டுத மாதிரி கிண்டி எடுக்கலாம்" என்று கேட்டேன்.

"சூடு பட்டா அந்தப் புரதம் சுருண்டு போகும்பா. அவிச்ச முட்டை மறுபடி பச்ச முட்டை ஆகுமா? கன்னுக்கு வேணுங்கிறது அவியாத புரதம்."

அதனால் அந்த மெஷின் வேறு வழியில் காயவைக்கிறது. வெண்ணெய் எடுத்த சீம்பாலைத் தட்டில் ஊற்றிக் கல்லாக உறையவைக்கும். பிறகு உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் பம்பு உறிஞ்சிவிடும். காற்று இல்லாத இடத்தில், உறைந்த பனி தண்ணீராக ஆகாமலே ஆவியாகப் போய்விடுமாம். நான் நம்பவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஊற்றிய அளவு அப்படியே நின்றது, கனம் மட்டும் போய்விட்டது. கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரி இருந்தது.

உறையவைப்பதற்கு முன்னால் கொஞ்சம் சீனி சேர்ப்பாள். நான் சிரித்தேன்.

"நம்ம ஊருல சீனி போடாம ஒரு காரியமும் ஆகாதோ?"

"ருசிக்கு இல்லப்பா. தண்ணி இருந்த வரைக்கும் புரதம் தனித்தனியா நிக்கும். தண்ணி போனதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். ஒட்டுனா கெட்டுச்சு. சீனி தண்ணி இருந்த எடத்துல போய் நின்னுக்கிடும். பொறவு தண்ணி ஊத்துனதும் அது விலகிரும், புரதம் பழையபடி எந்திரிக்கும்."

ஆள் எழுந்துபோன இடத்தில் துண்டைப் போட்டு வைக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அவளும் அப்படித்தான் என்றாள்.

தேருக்கு முன்னால் எல்லாம் நன்றாகத்தான் வந்தது, அந்தப் பொடி சோதித்துப் பார்ப்பதிலேயே தீர்ந்துவிட்டது. அப்போது வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பெரிய மாட்டுப் பண்ணையிலிருந்து சீம்பால் எடுத்தோம். கன்று குடித்தது போக மீதியைக் கூலிக்காரர்கள் கறந்து நேரே எங்கள் கேனில் ஊற்றுவார்கள். பிறகு அந்தப் பண்ணைக்காரர் மாடுகளை விற்றுவிட்டு வாழை போட்டார். நான் பழையபடி சுந்தரபாண்டியத்துக்குப் போனேன். வீட்டுக்கு ஒன்று இரண்டு கலப்பின மாடு வைத்திருக்கிற பெண்கள் எல்லாரும் எனக்குப் பழக்கம். சீம்பாலை யாரும் விற்க மாட்டார்கள். கொடுக்கத்தான் செய்வார்கள். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பதும் வழக்கம். அதனால் ஒவ்வொரு தூக்குவாளியிலும் ஒரு பொட்டலம் பால்கோவா வைத்துத் திருப்பிக் கொடுப்போம். கெட்டியான பால் கொடுத்துக் கெட்டியான பால் வாங்குகிறோம் என்று ஒருத்தி சொன்னாள்.

அந்தப் பால் வந்ததிலிருந்துதான் கோளாறு. மெஷினைத் திறந்தால் ரஸ்க் இருக்காது. நடுவில் நுரைத்துக் குழி விழுந்து, ஓரத்தில் பிசின் மாதிரி தட்டோடு ஒட்டிக் கிடக்கும். சுரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டால் திரிதிரியாக மிதந்தது. மகள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். தட்டைக் கழுவி வைப்பேன். மறுபடி ஊற்றுவாள். மறுபடி அதேதான்.

மில்லில் ஏசி மெஷின் பார்க்கிற மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கதவு ரப்பரை மாற்றினார், பம்பு ஆயிலை மாற்றினார், பாதி நாள் குனிந்தே இருந்தார்.

"ஏமி லேது மாமா. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. ஆனா இதோட கூலிங்கு இம்புட்டுதான். கெழட்டு மெஷினு. பாலு உறையுறதுக்குச் சரியா ஒரு நுனியில நிக்குது. நீங்க செத்த ஏமாத்துனாலும் உருகிரும்."

"நாங்க என்னத்த ஏமாத்துனோம்?" என்றாள் மகள்.

"அது ஒங்களுக்குத்தான் தெரியும். நான் மெஷினக் கேட்டேன், அது சொல்லல."

சீனியைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். மின்சாரம் போகிறதா என்று காவல் இருந்தோம். வெண்ணெய் சரியாகப் பிரியவில்லையோ என்று மறுபடி பிரித்தோம். ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிட்டது. மகாராஜபுரத்து அம்மா அடிக்கடி போன் போடுவார். மாடு நன்றாகத் தின்கிறது, வயிறு இறங்கிவிட்டது என்று சொல்வார். பொடி என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மாட்டைப் பற்றி மட்டுமே சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதற்குக் கேட்டிருந்தாலே பரவாயில்லை என்று மகள் சொன்னாள்.

ஒரு நாள் அந்தம்மாவே நேரில் வந்தார். அவர்கள் தெருவில் ஒரு மாடு கன்று போட்டிருக்கிறது. தன் மாட்டுக்கு உதவும் என்று, அந்த வீட்டில் கேட்டு வாங்கி ஒரு தூக்குவாளி சீம்பாலோடு இரண்டு பஸ் மாறி ராஜபாளையம் வந்திருக்கிறார். ஷெட் வாசலுக்கு வந்தவர் உள்ளே வராமல் நின்றார். வாளியைக் கீழே வைத்தார். இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"தாயி, ஒரு கல்லு உப்புக் குடேன்."

"என்னத்துக்குச் சின்னம்மா? கஞ்சி கிஞ்சி வச்சிருக்கியளா?"

"எனக்கில்ல, பாலுக்கு. அவசரத்துல போட மறந்துட்டேன். பஸ்ஸு கிருஷ்ணன்கோயில் தாண்டும்போதுதான் ஞாபகம் வருது. உப்பில்லாமக் குடுத்தேன்னு தெரிஞ்சா மாட்டுக்காரி என்னய வஞ்சே கொன்னுருவா."

"பாலுக்கு உப்பா?"

"வாசப்படி தாண்டுத சீம்பாலுக்கு உப்புப் போடாம எவ குடுப்பா? மடிக்குக் கண்ணு பட்டுராதா?"

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"சுந்தரபாண்டியத்துலயும் இப்பிடித்தானாப்பா?"

"எல்லா ஊருலயும்தான். ஒங்க அம்மையும் விரல் நுனியில அள்ளிப் போட்டுத்தான் குடுத்துவிடுவா."

"ஏம்ப்பா சொல்லல?"

"இதப்போயி சொல்லுவாகளா? கொழம்புல உப்புப் போட்டாச்சுன்னு யாரும் வந்து தாக்கல் சொல்லுதாகளா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரிக்கவும் இல்லை. "பண்ணைக்கு வாசப்படி கெடையாது" என்று மட்டும் சொன்னாள். அந்தம்மா வாசலில் நின்றபடியே உப்புக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாளிப் பாலை மகள் இரண்டாகப் பிரித்தாள். பாதியில் உப்புப் போட்டாள், பாதியில் போடவில்லை. உப்புப் போட்ட பாதியைப் பார்த்து அந்தம்மாவுக்குச் சமாதானம். மற்ற பாதியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு தட்டும் ஒரே அடுக்கில் உள்ளே போயின. மெஷின் தன் நேரத்தை எடுத்துக்கொண்டது. திறந்தபோது உப்புப் போடாதது இட்லி மாதிரி நின்றது. உப்புப் போட்டது சப்பிப்போய்த் தட்டோடு அமுங்கிக் கிடந்தது.

சீம்பால் இயல்பிலேயே கொஞ்சம் கரிக்கும். அதனால்தான் நாக்கில் வைத்துப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. உப்புச் சேர்ந்த தண்ணீர் லேசில் உறையாது என்றாள். பார்வைக்குக் கல்லாக இருந்தாலும் உள்ளே நூல் நூலாக ஈரம் நிற்கும். காற்றை உறிஞ்சும்போது அந்த ஈரம் கொதித்து நுரைத்துவிடும். நல்ல மெஷினாக இருந்தால் இன்னும் குளிரவைத்துச் சமாளிக்கலாம். எங்களுடையது நுனியில் நிற்கிற மெஷின்.

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். சுந்தரபாண்டியம் போய்க் குழாயடியில் நின்று மகள் எல்லாரிடமும் சொன்னாள். பாலில் உப்புப் போடாதீர்கள், போட்டால் பொடி கெட்டுப்போகும். சரி சரி என்றார்கள். பால் வந்தது. மெஷினில் போனது. பாதி சப்பி, பாதி நின்று, ஒன்றுக்கும் உதவாமல் வந்தது. உப்பைக் கண்டுபிடிக்கிற பேனா மாதிரிக் கருவி ஒன்று வாங்கி அடுத்த தடவை ஒவ்வொரு வாளியிலும் விட்டுப் பார்த்தாள். எல்லா வாளியிலும் உப்பு.

மறுபடி குழாயடிக்குப் போனோம். ஐப்பசி மழை பிடித்திருந்தது. பெண்கள் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களில் இரண்டு பெரிய கலப்பின மாடு வைத்திருப்பவள் ஒருத்தி. அதிகம் பால் கொடுப்பவளும் அவள்தான், அதிகம் பேசுபவளும் அவள்தான்.

"உப்புப் போட்டியளாக்கா?" என்றாள் மகள்.

"போட்டேன். போடாம இருப்பனா? நாளைக்கு மாடு கால உதறிக் கறக்க விடலேன்னா நீயா வந்து கறப்ப?"

"அப்ப ஏன் சரின்னு தலைய ஆட்டுனிய?"

"படிச்ச பிள்ள வாய்விட்டுக் கேக்குத. இல்லேன்னா ஒம் மொகம் வாடிரும்லா."

மற்றவர்கள் சிரித்தார்கள். மகள் மகாராஜபுரத்துச் செவலையைப் பற்றிச் சொன்னாள். இரண்டு கன்று போனதையும், இதுவும் போனால் மாடே போய்விடும் என்பதையும், இன்னும் இருப்பது கொஞ்ச நாள்தான் என்பதையும் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"பாவந்தான். அதுக்காக அந்தக் கன்னு பொழைக்க எம் மாட்டு மடி வத்தணுமா? நீயே சொல்லு."

கண் படுவதெல்லாம் இல்லை என்று மகள் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. குடத்தை வைத்துக்கொண்டு பின்னால் நின்ற ஒருத்தி, எப்போதும் யாரையாவது நையாண்டி பண்ணுகிறவள், வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, மாட்டுக்குத் திருஷ்டிக் கயிறு எங்க கட்டியிருக்க? கழுத்துலயா, வயித்துக்குள்ளயா?"

"கழுத்துலதான். அதுக்கென்ன?"

"அப்ப உப்ப மட்டும் எதுக்குப் பாலுக்குள்ள போடுத? வாளிக் காதுல முடிஞ்சு விடு. கம்மல் போட்ட மாதிரி இருக்கும். பால்கார மாமாவும் பொண்ணு கூட்டிட்டுப் போற மாதிரி போவாரு."

குழாயடியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பெரிய மாட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு பழைய சேலைத் துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தாள். நான்கு கல் உப்பை வைத்து முடிந்து, வாளியின் காதில் இறுக்கிக் கட்டினாள். ஆட்டிப் பார்த்தாள்.

"இது வழியில அவுந்து விழுந்துச்சுன்னா ஒங்களத்தான் கேப்பேன் மாமா" என்றாள் என்னிடம்.

அவள் கட்டியதும் மற்றவர்களும் கட்டினார்கள். சிவப்பு, பச்சை, பூப்போட்டது என்று ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கம்மல். நான் மொபெட்டில் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். ஏதோ தலைவர் வருகிற நாள், எல்லா வண்டியையும் சோதித்தார்கள்.

"என்னய்யா இது, முடிச்சு முடிச்சா?"

"உப்புங்கய்யா."

"வாளிக்குள்ள?"

"பாலுங்கய்யா."

"உப்பு வெளிய தொங்குது, பாலு உள்ள இருக்கு. என்னமோ போ."

அந்தத் தடவை எல்லாத் தட்டும் நின்றது. ஒரு தட்டுகூடச் சப்பவில்லை. மகள் அதையும் நம்பவில்லை. ஒரு கரண்டிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கிண்ணத்தில் ஊற்றி இட்லிச் சட்டியில் வைத்தாள். புரதம் கெடாமல் இருந்தால் அவிக்கும்போது சீம்பால் மாதிரியே கட்டும், முன்னாலேயே கெட்டிருந்தால் கட்டாமல் திரிந்துபோகும் என்றாள். மூடியைத் திறந்தபோது கிண்ணத்தில் வழுவழுவென்று கட்டியிருந்தது. கத்தியால் கீறினாள். சுத்தமாக இரண்டானது. கருப்பட்டி போடாததால் ருசி இல்லை. நான் ஒரு துண்டு தின்றேன்.

காற்றும் ஈரமும் புகாத வெள்ளிக் காகிதப் பையில் போட்டு ஒட்டி, சில பைகளை மகாராஜபுரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகன் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பையை வாங்கிக் குலுக்கிப் பார்த்தான்.

"இதக் குடிச்சா கன்னு பொழைக்கும்னு எழுதிக் குடுப்பியளா?"

"எனக்கு எழுதத் தெரியாது" என்றேன். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை போன் வந்தது. மகள் ஷெட்டில் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். பேசியது மகன்.

"செவலை பொட்டக் கன்னு போட்டுருச்சு. கெடேரி. அம்மா மாட்டுப் பக்கத்துல நிக்காவ. என்ன செய்யணும்? நீங்க கெளம்பி வாறியளா?"

"நாங்க வாரதுக்குள்ள நேரம் போயிரும். நீங்களே குடுக்கணும். தண்ணி வச்சிருக்கியளா?"

"கொதிக்குது. ஊத்தவா?"

"ஊத்தாதிய! அவிஞ்சு போகும். எறக்கி வைங்க. கை வைக்கிற சூடு போதும்."

ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்: "ஏலே, பச்சத்தண்ணி கலந்து ஆற வையி." மகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தாள். இங்கும் அங்கும் போனாள்.

"இப்ப கை வைக்க முடியுது."

"பொடியக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவுங்க. மத்து வச்சுக் கடையாதிய. நுரைச்சா அதுவும் கெடுதல்தான். கரண்டியால மெதுவா."

"கரையுது... கரைஞ்சுருச்சு. மஞ்சளா இருக்கு. சீம்பால் வாடை அடிக்கு."

"கட்டி நிக்குதா?"

"இல்ல."

அதற்குப் பிறகும் போனை அவர்கள் வைக்கவில்லை. மழைத்தூறலும், மாடு ஒருதடவை கத்தியதும், பிறகு கன்று புட்டியின் ரப்பர்க் காம்பை இழுத்துச் சப்புகிற சத்தமும் வந்தன. மகள் பம்பை அணைத்தாள், அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கட்டும் என்று. ஷெட் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் பஸ்ஸைப் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கன்று எழுந்து நின்றது. காலை அகட்டிக்கொண்டு, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு. மத்தியானம் இரண்டாவது பை கொடுத்தார்கள். பிறகு பக்கத்து வீட்டு மாட்டுப்பாலை வாங்கி ஊற்றினார்கள். ஒரு வாரம் ஆனது, பத்து நாள் ஆனது, கழிச்சல் வரவில்லை. அந்தம்மா போனில் சாணத்தைப் பற்றி மட்டும் சொல்லுவார். கெட்டியாகப் போடுகிறது என்பார். வைத்துவிடுவார்.

சந்தைத் தரகர் சொன்ன நாளில் வந்தாராம். மகன் வாசலில் நின்று, "கன்னு நிக்குது, பொறவு பாப்போம்" என்றானாம். பிறகு அவரும் வரவில்லை, இவனும் கூப்பிடவில்லை.

கொடுத்த பைகளில் ஒன்று மிஞ்சிவிட்டது. அந்தம்மா அதை அடுப்பு மாடத்தில் வைத்துவிட்டார். ஃபிரிட்ஜ் அந்த வீட்டில் இல்லை. கோடை முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறது. அடுத்த மழைக்கு நான் போனபோது தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். மகள் பிரித்துப் பார்த்து, கரைத்து, இட்லிச் சட்டியில் வைத்தாள். கட்டியது. அதே சமயம் சுந்தரபாண்டியத்தில் ஒருத்தி நாங்கள் கொடுத்த பையை வாசம் பார்க்கத் திறந்து, கிளிப் போட்டு மூடி வைத்திருந்தாள். அது மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பிசினாகிவிட்டது. ஒட்டிய பை ஒட்டியபடியே இருந்தால் பொடி நிற்கும், திறந்தால் நிற்காது. மூடியிருக்கிற வரைக்கும் வெயிலைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்கிறது, ஈரத்தைப் பொறுப்பதில்லை.

செவலை இப்போது கிழடாகிக் கட்டுத்தறியில் கிடக்கிறது. அந்தக் கெடேரி வளர்ந்து, சினையாகி, போன தையில் தலையீற்றுக் கன்று போட்டது. மடி நல்ல மடி. கன்று குடித்தது போக மிச்சம் இருந்த சீம்பாலை மகன்தான் பைக்கில் கொண்டுவந்தான். வாளியைக் கொடுத்துவிட்டு, அதன் காதில் இருந்த முடிச்சை அவிழ்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அம்மா இதத் திருப்பிக் கொண்டாரச் சொன்னாவ. வீட்டுக்குப் போயி அடுப்புல போடணுமாம்."

வாளியை வெறுமையாகத் திருப்பக்கூடாது. பால்கோவாப் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்துக் கொடுத்தேன். மகள் அந்தப் பேனாவைப் பாலில் விட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தட்டில் ஊற்றினாள்.

இப்போது புதுப் புது ஊர்களிலிருந்து பால் வருகிறது. வாளி ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. சில வாளிகளில் இன்னும் உப்பு விழுந்துதான் வருகிறது, அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம். அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் மாடு வைத்திருக்கிற பெண்களுக்கு என்னைப் போலப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அவர்களிடம் வாயால் சொல்லிவிடுங்கள். உப்பைக் கைவிட வேண்டாம், பாலுக்குள் போடாமல் வாளிக் காதில் முடிந்துவிட்டால் போதும் என்று சொல்லுங்கள். அவர்களை அடுத்த தெருவிலும் சொல்லச் சொல்லுங்கள்.